தபித்தாள் தைத்த உடைகள்



நவம்பர் மாதம் பிறந்ததும் சேமக்காலையில் புல் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். மரித்தவர்களுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறோம். நல்ல வழக்கங்கள்தான். ஆனால், பெயர் கொடுக்கும் வீட்டில் ஒரு பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் அப்பு எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சுவரிலுள்ள படத்தைக் காட்டும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. 1995இன் இடப்பெயர்வில் அந்தப் படத்தையும் இழந்த குடும்பங்கள் எத்தனை!

அப்போஸ்தலர் பணி நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோப்பா ஊரில் தபித்தாள் என்ற சீடத்தி இறந்துவிடுகிறாள். இராயப்பர் வந்து மேல்மாடிக்கு ஏறியதும், கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து அழுகிறார்கள். அழுதுகொண்டே என்ன செய்கிறார்கள்? அவள் உயிரோடிருந்தபோது தைத்துக் கொடுத்த உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். என்ன நோய், எத்தனை நாள் படுக்கை என்று அவர்கள் சொன்னதாக நூலில் இல்லை. அவள் கை ஓயாமல் செய்த வேலையே அங்கே பேசுகிறது.

நம்மவர் ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். 1875இல் மானிப்பாயில் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர், புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, பின் அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1901இல் குருவானார். நல்லூரில் இருந்துகொண்டு ஆன்மாக்களைத் தேடி அலைந்த அதே மனிதர், யாழ்ப்பாண அரசர்களின் பழைய நாணயங்களையும், ஊர்ப் பெயர்களின் மூலத்தையும் தேடினார். ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது என்று கேட்பதை அவர் விடவேயில்லை. 1938இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சொற்பிறப்பு அகராதி முற்றுப்பெறுமுன், 1947 சனவரி 22இல் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். படைத்தவர் தந்த அறிவைக் கொண்டு படைப்பைத் துருவிப் பார்ப்பதும் ஒருவகை ஆராதனையே என்பது என் எண்ணம்.

அவரை அவருடைய நூல்கள் நினைவில் வைத்திருக்கும். எண்பது வயதிலும் வானொலிச் செய்தியைத் தவறவிடாத அம்மம்மாவை, பழுதான மணிக்கூட்டைக் கழற்றிப் பார்க்காமல் உறங்காத பெரியப்பாவை யார் வைத்திருப்பார்? முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டில் அவர்கள் இல்லை. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும் புலம்பல் பாட்டும், உறவினர் பட்டியலும், நன்றியுரையும்தான் அதில் உண்டு. அச்சுக்கூலியும் குறைவில்லை!

இன்னொன்றும் உண்டு. கல்வெட்டில் எல்லாரும் புனிதர்களே. புனிதருக்கு மன்றாட்டு எதற்கு என்று நாமும் ஓய்ந்துவிடுகிறோம். மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் மடிந்த வீரர்களின் உடைகளுக்குள் விலக்கப்பட்ட தாயத்துகள் அகப்பட்டன. யூதா அதை மறைக்கவில்லை. அவர்களைக் கைவிடவும் இல்லை. ஏறத்தாழ 2,000 வெள்ளித் திராக்மா சேர்த்து, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார்.

ஆகையால், இம்மாதம் பெயர் கொடுக்க வருமுன், ஒரு மாலை செபமாலை முடிந்தபின் பிள்ளைகளை இருத்தி, அப்பு எதைத் தேடினார், எதைச் செய்தார், எதை அரைகுறையாக விட்டுப்போனார் என்று சொல்லுங்கள். அவர் கோபக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள். அதற்காகவும் சேர்த்தே பூசை ஒப்புக்கொடுப்போம்.