குழிக்கு முன்பே உடையும் சாலை

சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். மழை விட்டதும் உட்தெருக்களில் குழிகள் தெரியும். பழி மழைமேல் விழும். ஆனால் குழி கடைசிக் கட்டம்தான். சேதம் பல மாதங்களுக்கு முன்பே சாலையின் உள்ளே தொடங்கியிருக்கும்.

குழியோரத்தில் பெயர்ந்து கிடக்கும் ஒரு கட்டியைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் கறுப்பாக இருக்கும். அடிப்புறத்து ஜல்லிகளில் தார் உரிந்து, கல்லின் சாம்பல் நிறம் தெரியும். கருங்கல்லில் சிலிக்கா மிகுதி. அத்தகைய கல் தாரைவிடத் தண்ணீரைத்தான் எளிதில் பற்றும். ஜல்லியில் தூசி படிந்திருந்தால் தாரின் பிடி இன்னும் தளரும். ஈரம் தங்கத் தங்க, தண்ணீர் இரண்டுக்கும் நடுவே புகுந்து தாரைக் கழற்றிவிடும். அந்த நிலையில் தண்ணீர் லாரி ஏறினால், உள்ளே தேங்கிய நீர் அழுத்தத்தில் பீறிட்டு, மிச்சப் பிடிப்பையும் அரிக்கும்.

தண்ணீர் வரும் வழிகள் மூன்று. மேலிருந்து, விரிசல் வழியாகவும், குழாய் இணைப்புக்கு வெட்டிச் சரியாக மூடாத பள்ளம் வழியாகவும். பக்கத்திலிருந்து, வாசல் சாய்தளங்கள் வடிகாலை அடைத்த இடங்களில். கீழிருந்து, கசியும் குடிநீர்க் குழாயாலும் உயர்ந்த நிலத்தடி நீராலும்.

ஆகவே தடுப்பு வடிகாலில் தொடங்க வேண்டும். நீர் வடிய, நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 விழுக்காடு சரிவு வைத்தால், 6 மீட்டர் தெருவில் நடுப்பகுதி 7.5 செ.மீ. உயர்ந்திருக்கும். அடுத்தது உருளை ஓட்டி இறுக்குவது. இறுக்கம் போதாமல் கலவையில் காற்றிடைவெளி 8 விழுக்காட்டைத் தாண்டினால், துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீருக்கு வழியாகிவிடும். மெல்லிய தார் அடுக்கு விரைவில் ஆறும். வெப்பம் சுமார் 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் உருட்டி முடிக்க வேண்டும். மழை ஈரத்தின்மேல் தார் போடவே கூடாது.

கல்லையும் பக்குவப்படுத்தலாம். கலவையில் 1 முதல் 2 விழுக்காடு நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்தால் தாரின் பிடி கூடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லிமேல் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சு கல் ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் நீர் தேங்கினால் இவை எதுவும் சாலையைக் காக்காது. புதுச் சாலை ஆறியதும் நடுத்தெருவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரத்துக்கு ஓடி வடிகாலில் இறங்கினால் நல்லது. நடுவிலேயே நின்றால், ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடியுமுன் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.