பசியும் நோன்பும்

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 38 வயது. எதிரில் நின்ற லாரி ஹோம்ஸ் ஒருகாலத்தில் அவருடைய பயிற்சித் துணைவர். தராசு அலிக்குக் காட்டியது சுமார் 99 கிலோ. 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்தபோதும் ஏறக்குறைய அதே எடைதான். பார்த்தவர்களுக்குப் பழைய அலியே திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றியது.

ஹெவிவெயிட் பிரிவில் மேல் வரம்பு கிடையாது. எடையைக் குறைத்தே தீர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் சில மாதங்களில் பத்து கிலோவுக்கு மேல் இறக்கினார். அதற்குத் தைராய்டு மாத்திரையும் விழுங்கினார். தேவையில்லாமல் விழுங்கினால் அந்த மாத்திரை கொழுப்போடு தசையையும் கரைக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும், உடம்பின் நீரை வற்றடிக்கும்.

அலி ஏற்ற இஸ்லாத்தில் உடல் ஓர் அமானிதம். இறைவன் நம்பி ஒப்படைத்த பொருள். நோன்பு அந்த உடலைப் பசிக்க வைக்கிறது, ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு தருகிறது. சூரியன் மறையும் மஃரிப் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழத்தோடு பசி முடிந்துவிடும். நிய்யத்தும், அதாவது உள்ளத்து எண்ணமும், இறைவனுக்கானது. அலியின் பசி யாருக்கானது? கண்ணாடியில் தெரிந்த, 1974-இன் முப்பத்திரண்டு வயது மனிதனுக்கு என்றே தோன்றுகிறது. அதைப் பேராசை என்று ஒதுக்க மனம் வரவில்லை. தன்னை உருவாக்கிய உடலை இழப்பது எவருக்கும் துக்கம்தான்.

லாஸ் வேகாஸில் நடந்த பத்துச் சுற்றுகளையும் நடுவர்கள் ஹோம்ஸுக்கே தந்தார்கள். அலி முக்காலியில் சாய்ந்திருந்தார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அன்று அழுதார்.