கண்டதும் கேட்டதும்

இன்று தமிழகத்துப் பள்ளிப் பாடநூல் ஒன்றைப் புரட்டினால், பக்கத்தின் ஓரத்தே கறுப்புக் கட்டங்களாலான சிறு சதுரம் ஒன்று தென்படும். கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தால் பாடத்துக்குரிய காணொளி விரியும். 2018ஆம் ஆண்டு 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தபோது இக்குறியீடும் உடன் வந்தது. அதற்கு முன்பே 2011இல் மேனிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியிருந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாயிற்று. 2022இன் இறுதியிலோ, கேட்ட கேள்விக்குக் கட்டுரையாகவே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

இவை பள்ளிக்கு வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுக்கவில்லை. அவ்வழக்கு முடிந்து நாளாயிற்று. நம் உள்ளத்தை உறுத்துவது வேறொரு வினா. ஒரு செய்தியை எவ்வழியில் அறிந்தோம் என்று சொல்லும் கடமை கற்பவனுக்கு உண்டா? கருவி தந்ததைத் தன் அறிவென்று காட்டுவது பொய்யா, களவா, அன்றிக் குற்றமே ஆகாதா?

பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழும், மாலையில் மத்ரஸாவில் அரபியும் கற்பித்து வருகிறோம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் 'எங்கள் ஊர்க் கடற்கரை' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதி வரச் சொன்னோம். ஒரு மாணவன் கொண்டு வந்த கட்டுரையில் ஒற்றுப்பிழைகூட இல்லை. பொன்மணல் பரந்து கிடந்தது; பேரலைகள் பாறையில் மோதித் தெறித்தன; அந்தி வேளையில் கலங்கரை விளக்கம் ஒளி வீசிற்று. நம் ஊர்க் கடற்கரையோ சேறும் அலையாத்திப் புதரும். அங்கே பேரலையும் இல்லை, பாறையும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை. "யார் எழுதியது தம்பி?" என்றோம். "நானே எழுதினேன் ஐயா" என்றான். வகுப்பறிய அவனைக் கடிந்துகொண்டோம்.

கடிந்துகொண்ட அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காரணம், சில மாதங்களுக்கு முன்னர் நாமே செய்த காரியம்.

ஒரு வெள்ளி மேடைக்கு உரை தேடிக்கொண்டிருந்தோம். கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றில், முற்காலத்து இமாம் ஒருவரைப் பற்றிய கதை கண்ணில் பட்டது. மனத்தை உருக்கும் கதை. மேடையில் அதை எடுத்துரைத்தபோது, "பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்று தொடங்கினோம். மக்கள் கண் கலங்கினர். மாலையில் மத்ரஸா மாணவன் ஒருவன் வந்து, "ஹஜ்ரத், இது எந்தக் கிதாபில் வருகிறது?" என்று கேட்டான். பணிவாகத்தான் கேட்டான். இரண்டு இரவுகள் நம்மிடமிருந்த கிதாபுகளையெல்லாம் புரட்டினோம். எதிலும் அக்கதை இல்லை. கதை மெய்யோ பொய்யோ, அது ஒருபுறம் இருக்கட்டும். 'கேட்டிருக்கிறோம்' என்றோமே, அச்சொல் பொய். யாரிடமும் நாம் கேட்கவில்லை. கையளவு கண்ணாடியில் கண்டோம். அடுத்த வெள்ளியன்று திருத்திச் சொல்ல நா எழவில்லை. அதற்கடுத்த வெள்ளியன்றுதான் சொன்னோம்.

இத்தவற்றுக்கு நம் கல்வி மரபில் பெயரே உண்டு. ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643, கி.பி. 1245) திமிஷ்க் நகரத்து அஷ்ரஃபிய்யா கல்விக்கூடத்தில் போதித்தவர். ஹதீஸைப் பெறும் வழிகள் எட்டு என அன்னார் தம் நூலில் வகுத்துள்ளார். முதலாவது, ஆசிரியர் சொல்ல மாணவன் செவியுறுவது, அது ஸமாஉ. இரண்டாவது, மாணவன் ஓத ஆசிரியர் கேட்பது, அது அர்ளு. கடைசியில் நிற்கும் எட்டாவது வழி விஜாதா; அஃதாவது கண்டெடுத்தல். ஒருவருடைய எழுத்தை அவரிடம் கேளாமல், அவரிடம் அனுமதியும் பெறாமல், ஏட்டில் கண்டு அறிவது. அப்படிக் கண்டவன் "இன்னாருடைய கையெழுத்தில் கண்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அது அவர் எழுத்துத்தான் என்ற உறுதி இல்லையாயின், அந்த ஐயமும் தொனிக்கச் சொல்ல வேண்டும். தம் காலத்து மக்கள் இதில் அசட்டையாகி, ஏதோ ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு "இன்னார் கூறினார்" என்று அறுதியிட்டுச் சொல்லிவிடுகின்றனர் என்று இமாமவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய குறை. நேற்று எழுதியது போல் இருக்கிறது.

நேரில் கேளாததைக் கேட்டது போலத் தோன்றும்படி, சொல்லை மழுப்பி அறிவிப்பதற்குத் தத்லீஸ் என்று பெயர். நாமோ மழுப்பக்கூட இல்லை; 'கேட்டிருக்கிறோம்' என்றே சொல்லிவிட்டோம்.

ஆயினும் கண்டெடுத்த அறிவை அந்த அறிஞர் இழிவாகக் கருதவில்லை என்பதையும் கூற வேண்டும். பிற்காலத்தில் நூலில் கண்டதைக் கொண்டு செயற்படுவதே வழி என்றும் அவரே எழுதினார். இன்றைய பள்ளிப் பிள்ளைக்கும் இது பொருந்தும். சிற்றூரில் ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் பயிலும் சிறுமி, இதயத்தின் நான்கு அறைகளும் சுருங்கி விரிவதைக் காணொளியில் காண்கிறாள். கரும்பலகையில் நாம் வரைந்த இதயத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல். (நாம் வரைந்த இதயம் கத்தரிக்காய் போல இருந்ததாக நம்மிடம் படித்த ஒருவர் அண்மையில் நினைவூட்டினார்.) 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் வந்தன. அவ்வூர்கள் தமிழகத்தில் இல்லை. ஆகவே நாம் சிறுவராயிருந்த காலத்தில் நமக்கு எட்டாதது, இன்று நம் மாணவர்களின் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆனால் பாடநூற் காணொளியையும், கேட்டதற்கெல்லாம் விடை தரும் கருவியையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. முன்னதைத் தயாரித்தவர் யார் என்று அறியலாம்; பிழையிருந்தால் முறையிடலாம். பின்னது தருகின்ற வாசகம் யார் கையெழுத்து? எண்ணற்றோர் எழுதியவற்றைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்துக் கோத்துத் தருகிறது அது. 'இன்னாருடைய எழுத்தில் கண்டேன்' என்று கூறவும் அங்கே இன்னார் என ஒருவர் இலர். அதனாற்றான் இல்லாத ஊருக்குக் கலங்கரை விளக்கம் கட்டிவிடுகிறது. அதைப் பயன்படுத்தும் மாணவன் விஜாதாவுக்கு உரிய நாணயத்தைவிட ஒருபடி மேலான நாணயத்தைக் கைக்கொள்ள வேண்டியவனாகிறான்.

இனி, இரண்டாவது வழியாகிய அர்ளு. இதைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறோம். 1961இல் எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் ஓதிய திருக்குர்ஆன் முழுமையும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. அதன் பின்னர் உலகின் எந்த மூலையிலிருக்கும் பிள்ளையும் தேர்ந்த காரியின் குரலைக் கேட்கலாம் என்றாயிற்று. இருந்தும் மத்ரஸாக்கள் மூடப்படவில்லை. ஒலிப்பதிவு ஓதிக் காட்டும். பிள்ளை ஓதுவதைக் கேட்காது. நம் உஸ்தாது அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். 'ளாது' பிசகினால் ஒரு விரல் மட்டும் உயரும். இப்போது ஓதுவதைக் கேட்டுப் பிழை சுட்டும் செயலிகளும் வந்துவிட்டன. அவை விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கின்றன. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு உதவியாகவும் இருக்கின்றன. ஆனால் நேற்றுவரை பிழையின்றி ஓதிய சிறுவன் இன்று ஏன் தடுமாறுகிறான், வீட்டில் என்ன நேர்ந்தது என்று அந்த உயர்ந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வேறுபாட்டை நாடே கண்டது. பாடங்கள் தொலைக்காட்சியில் வந்தன, கைப்பேசியிலும் வந்தன. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் வாப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால், மூன்று பிள்ளைகளுக்கும் அன்று பள்ளிக்கூடம் இல்லை. கைப்பேசி இருந்த வீட்டிலும் பாடம் போய்ச் சேர்ந்தது. பிள்ளை என்ன வாங்கிக்கொண்டது என்று கேட்பார் அரிதாயினர். 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அமர்த்தி, மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனையோ ஒளிபரப்புக்குப் பிறகும், எதிரே அமர்ந்து கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் வகுப்பில் வெள்ளி மேடைக் கதையை மாணவர்களிடம் அப்படியே சொன்னோம். சிலர் சிரித்தார்கள். அந்த மாணவன் சிரிக்கவில்லை. கைப்பேசியைப் பயன்படுத்துவதற்கு நாம் தடை விதிக்கவில்லை. கண்டதற்குக் 'கண்டது' என்றும், கேட்டதற்குக் 'கேட்டது' என்றும் ஓரத்தில் குறித்து, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்தோம்.

அவன் கட்டுரையைத் திரும்ப எழுதி வந்தான். ஒரு பக்கம்கூட இல்லை; ஒற்றுப்பிழை பதினொன்று. அலையாத்திக் காடு அலையைத் தணிக்கும் விதம் பற்றி மூன்று வரிகள். எதிரே 'கண்டது' என்றிருந்தது. புயலடித்த ஓரிரவில் அக்காட்டுக்குள் தோணியைச் செருகிக் கட்டிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த பாட்டனாரைப் பற்றிப் பாதிப் பக்கம். அதற்கெதிரே பென்சிலால், 'எங்க உம்மம்மாகிட்ட கேட்டது' என்று எழுதியிருந்தான்.