யாரை நோக்கிக் குனிகிறோம்?

டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்குள் போகிறவர் முதலில் கற்றுக்கொள்வது ஒதுங்கி நடப்பதை. 'தோரி' என்னும் பெரிய மரவாயிலில் தலை தாழ்த்திவிட்டு ஓரமாகப் போக வேண்டும். நடுப்பாதை தெய்வத்தின் வழி. அடுத்து நீர்த்தொட்டி. அகப்பையில் நீர் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு இடது உள்ளங்கையில் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். முடிவில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பின் வழியே இறங்கும். அடுத்து வருபவருக்காக, தான் பிடித்த இடத்தைக் கழுவி வைக்கும் அந்தச் செயலில் ஒரு முழு அறமே இருக்கிறது. சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிவார்கள்.

அந்தத் தெய்வத்தை நம்பாத பயணி இதையெல்லாம் செய்தால் நடிப்பாகாதா? இந்த உறுத்தல் நியாயமானதே. ஆனால் ஓரமாக நடப்பதும் கை கழுவுவதும் அங்கே வழிபடும் மனிதருக்குக் காட்டும் மரியாதை. நம் கோயிலுக்கு வருபவர் யாரானாலும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்கிறோமே, அதே நியாயம்தான். இதற்கு நம்பிக்கை தேவையில்லை. கைதட்டி வேண்டுவது தெய்வத்தோடு பேசுவது. பேச ஏதும் இல்லாதவர் ஒரு பக்கமாக அமைதியாக நிற்கலாம். படம் எடுப்பதற்காகத் தட்டுவதுதான் பொய். எண்ணிக்கை தவறிவிடுமோ என்றும் அஞ்ச வேண்டாம். ஜப்பானின் இசுமோ பேராலயத்தில் நான்குமுறை தட்டுகிறார்கள்.

ஆனால், 'ஊர் வழக்கத்தை மதித்தேன்' என்ற பதில் எல்லா ஆலயத்துக்கும் செல்லாது. அதே டோக்கியோவில் 1869-ல் எழுந்தது யாசுகுனி ஆலயம். ஜப்பானுக்காகப் போர்களில் மாண்ட சுமார் 24 லட்சம் பேர் அங்கே தெய்வங்கள். இரண்டாம் உலகப் போரின் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் எனப்பட்ட 14 பேரையும் 1978-ல் அவர்களோடு சேர்த்தார்கள். 1975-க்குப் பிறகு ஜப்பானியப் பேரரசர் எவரும் அங்கே போய் வணங்கியதில்லை.

வளாகத்துப் போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. அந்தப் போரின்போது ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் ஓடிய எஞ்சின் அது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையைப் போட மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள்.

போரில் தகப்பனைப் பறிகொடுத்த முதியவர் ஒருவர் அங்கே குனிந்தால் அந்தத் துயரத்தை மதிக்கத்தான் வேண்டும். அவர் எதிரில் குரலைத் தாழ்த்துவதும் வழிவிடுவதும் கடமை. ஆனால், யாரென்று அறியாமல் பயணியும் சேர்ந்து குனிவது மரியாதையில் சேராது. அந்த 14 பேருக்கும் சேர்த்தே பயணியின் தலை தாழ்கிறது. அங்கே குனியாமல் திரும்புவது எந்த விதத்திலும் பண்புக்குறைவாகாது.

யாசுகுனிக்குப் போகும் தமிழர்கள் சந்நிதியோடு திரும்பிவிட வேண்டாம். அந்த எஞ்சின் முன் சற்று நேரம் நின்று, பாதையோரம் புதைந்தவர்களை நினைத்துவிட்டு வாருங்கள்.