அனுமதியும் அறமும்

கடை வைக்க அனுமதி, உலை மூட்ட அனுமதி, ஊர்வலம் நடத்த அனுமதி! நகர வாழ்வுக்கு இத்தகைய விதிகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நெருங்கி வாழும் மக்களை நெருப்பும் நோயும் தாக்காதிருக்க விதி வேண்டும். மீறுவோர்க்குத் தண்டனையும் வேண்டும். ஆனால், அனுமதி பெறாதது குற்றம் என்றால், காரணமின்றி அதை மறுத்ததற்கு என்ன பெயர்?

அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் 1880-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டப்படாத இடத்தில் சலவைத் தொழில் நடத்துவோர் மன்றத்தின் அனுமதி பெறவேண்டும். பெறாதார்க்கு 1,000 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தீயிலிருந்து நகரைக் காக்க என்றனர். விதியிலே எந்த இனத்தின் பெயரும் இல்லை.

நடந்தது என்ன? நகரிலிருந்த ஏறத்தாழ 320 சலவை நிலையங்களில் 310 மரக் கட்டடங்கள்; 240 சீனருடையவை. 200 சீனர் விண்ணப்பித்தனர். அத்தனை பேருக்கும் மறுப்பு! சீனரல்லாதார் 80 பேர் அதே நிலையில் தொழில் நடத்தினர், தடையில்லை! வெள்ளையர் வீட்டு மரம் தீப்பற்றாது, சீனர் வீட்டு மரம்தான் பற்றி எரியும் போலும்!

யிக் வோ என்ற பெயரில் வழக்காடியவர் 22 ஆண்டுகள் ஒரே இடத்தில் தொழில் செய்தவர். தீயணைப்பு அதிகாரிகளும் சுகாதார அதிகாரியும் அவருக்குச் சான்று தந்திருந்தனர். இருந்தும் 10 டாலர் அபராதம், கட்டாததால் சிறை. 1886 மே 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எழுத்தில் பொதுவாக உள்ள சட்டமும், ஓரவஞ்சனைக் கையால் நடத்தப்பட்டால் சமத்துவத்தை மறுப்பதேயாகும். குடிமகனல்லாதார்க்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்றது தீர்ப்பு.

தீர்ப்பு வந்தது, திமிர் போயிற்றா? 1963 ஏப்ரலில் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அணிவகுத்த ஷட்டில்ஸ்வொர்த் பாதிரியாருக்கு, அனுமதியின்றி ஊர்வலம் சென்றதாக 90 நாள் கடுங்காவல் விதித்தனர். அனுமதி கேட்டபோது, சிறைக்குத்தான் அனுப்புவேன் என்றவர் அந்நகரின் பாதுகாப்பு ஆணையர்! அன்று சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், அனுமதி கோரும் விதியையே தவறென்று பழிக்கவில்லை. நிறப் பிரிவினையைக் காக்க அது கருவியாவதைத்தான் சாடிற்று. 1969-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையைத் தள்ளியது. நீதி வந்தது, ஆறாண்டு கழித்து வந்தது!

தோழர்களே! சட்டத்தை மீறினான் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவனைக் குற்றவாளியாக்காதீர். அனுமதிக்கான நிபந்தனைகள் எழுத்தில் உண்டா? அவற்றை நிறைவேற்றிய எவருக்கும் அனுமதி கிடைக்கிறதா? மறுத்தால் காரணம் கூறப்படுகிறதா? ‘ஆம்’ எனில், விதிக்குப் பணிவது கடமை. ‘இல்லை’ எனில், அங்கே தண்டிக்கப்படுவது குற்றமன்று, பிறப்பு!

சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டு, கதவைத் திறந்து வரவில்லையே என்று பிறரைச் சிறையிலடைப்பது ஆட்சியாகாது, ஆணவமே ஆகும்.