அணைந்த விளக்கும் மறைந்த குறையும்

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடமிருந்த பழைய காரின் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. ஓட்டத்தில் இலேசான நடுக்கம், வேறொன்றுமில்லை. மெக்கானிக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். ‘பி 0302’ என்ற குறியீடு வந்தது. இரண்டாம் சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியவில்லை என்பது அதன் பொருள்.

குறியீடு நோயின் இடத்தைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. எனவே அவர் அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை எடுத்து மூன்றாவதில் பொருத்தினார். பழுது காயிலில் இருப்பின் குறியீடும் 0303 என இடம் மாறியிருக்கும், மாறவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் பயனில்லை. இறுதியில் அழுத்தத்தை அளந்தபோது அச்சிலிண்டரில் மட்டும் அது மிகக் குறைந்திருந்தது. எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்; செலவோ காரின் விலையை நெருங்கியது.

விற்றுவிடத் துணிந்தோம். மெக்கானிக் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்: “ஆள் வந்து பாக்குறதுக்கு முன்னாடி கோடை அழிச்சிடறேன் சார், லைட்டு அணைஞ்சிடும். மறுபடி எரிய ரெண்டு மூணு ஓட்டமாவது ஆகும். நீங்க பொய்யும் சொல்ல வேண்டியதில்ல.”

அந்தக் கடைசிச் சொல் நம்மை உறுத்தியது. வாய் திறவாமலே பொய் சொல்ல இயலுமா?

விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற வினாவை 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் ஆராய்ந்தார். குதிரைக்கு ஒரு கண்ணே உண்டு என்பது பார்த்தாலே தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு.

எரியும் விளக்கு அந்த ஒற்றைக்கண்ணைப் போன்றது. குறியீட்டை அழிக்கும் விரலோ, வெளிப்படையான குறையை மறைவான குறையாக்குகிறது. ‘வாங்குபவர் தாமே சோதித்துக் கொள்ளட்டும்’ என்று வாதிடலாம். சோதிக்க உதவும் சான்றை நாமே துடைத்துவிட்டு அப்படி வாதிடுவது முறையாகுமா? மௌனம் காப்பது வேறு. மௌனத்தைப் புனைவது வேறு. பின்னது சொல்லில்லாத பொய்யே.

விளக்கை எரியவிட்டோம், காரணத்தையும் சொன்னோம். முதலில் வந்தவர் திரும்பிச் சென்றார். அடுத்தவர் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்றார். பணத்தை எண்ணியபோது மனம் சற்றே வலித்ததை மறைப்பானேன்? அதையும் மறைத்தால், இன்னொரு விளக்கை அணைத்தவர்களாவோம்.