காலடிக்குப் பட்டா உண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சோங் ரம்புத்தான் ரயில் நிலையத்தில் தொடங்கி, சங்காட் கிண்டிங் பக்கமாகத் தோட்டப் பாதைகளில் நடக்கப் போகிறேன் என்று நண்பனிடம் சொன்னேன். "நடக்கவா போறே, இல்ல அட்மிட் ஆகவா?" என்றான். மலேசியாவில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் வரும் முதல் ஜோக் இதுதான். 1911இல் இங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையின் பெயர் பிறகு 'பஹாகியா' என்று மாறியது. மகிழ்ச்சி என்று அர்த்தம். ஜோக் மட்டும் மாறவே இல்லை.

பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நாங்க வயித்துக்காக நடந்தோம். நீ எதுக்குய்யா நடக்குறே?" என்று கேட்டார். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், நிரைக்குப் போய், மரம் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் சுமந்து வந்தவர். அவருக்கு நடை என்றால் வேலை. எனக்கு அது வாரக்கடைசிப் பொழுதுபோக்கு.

நடக்கும் ஆசை எனக்கு இங்கிலாந்தின் கிராமத்து நடைபாதைகளைப் பற்றிப் படித்ததில் வந்தது. ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு, ஒரு பழைய தேவாலயத்திலிருந்து அடுத்த தேவாலயத்துக்கு, வயல்களின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகள். ஞாயிறு பூசைக்கும், சவ அடக்கத்துக்கும், சந்தைக்கும் போனவர்களின் கால்கள் போட்டவை பல. இன்றும் தனியார் நிலத்தின் குறுக்கே அவை போகின்றன, நில உரிமையாளர் அவற்றை மூட முடியாது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: பொதுமக்கள் ஒரு பாதையைத் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் 20 வருடம் பயன்படுத்தியிருந்தால், அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகவே கருதலாம். அப்படி விடும் எண்ணம் தனக்கு இல்லை என்பதை உரிமையாளர்தான் காட்ட வேண்டும். "நான் சின்ன வயசுலேருந்து இதுலதான் நடந்தேன்" என்று ஒரு கிழவி எழுதிக் கொடுத்தால் அது சாட்சியம்.

என் பாட்டி எழுதிக் கொடுக்க இங்கே பாரமே கிடையாது.

நம் நாட்டின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் வேறு திசையில் யோசிக்கிறது. 48ஆம் பிரிவின்படி அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் பட்டா கிடைக்காது. 341ஆம் பிரிவின்படி தனியார் நிலத்தை எத்தனை வருடம் வைத்திருந்தாலும், உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடுவதை அந்த வருடங்கள் தடுக்காது. இருந்தவனுக்கே இந்தக் கதி என்றால் நடந்தவன் எந்த மூலைக்கு?

இதை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய தோட்ட நிலம் ஒன்றில் வரவிருந்த தாமானுக்கு வரைபடம் தயாரித்தேன். சர்வே வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. லயங்கள் இருந்த இடத்திலிருந்து கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. பட்டாவில் அது இல்லை. நான் அந்த லேயரை அணைத்துவிட்டு அதன்மேல் 14 வீட்டு மனைகளைப் போட்டேன். இரண்டு நொடி வேலை. சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் புள்ளிக்கோடு இன்னும் மனதில் கிடக்கிறது.

நடந்ததால் ஓர் உரிமை வருமா? நிலத்தில் தன் உழைப்பைக் கலப்பவனுக்கு அது சொந்தமாகிறது என்றார் தத்துவவாதி ஜான் லாக். தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் கம்பெனியிடம் இதற்குச் சுலபமான பதில் உண்டு: உழைப்புக்குச் சம்பளம் கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சது. சரி, வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். நிரைக்குப் போன பாதை சம்பளக் கணக்கில் போகட்டும். கோயிலுக்குப் போன பாதை? பிள்ளைகள் பள்ளிக்கு ஓடிய பாதை? பக்கத்துத் தோட்டத்துச் சாவு வீட்டுக்கு ராத்திரியில் பந்தம் பிடித்துப் போன பாதை? அவற்றை எந்தக் கங்காணியும் போடச் சொல்லவில்லை. அந்த நடைக்கு யாரும் கூலி கொடுக்கவும் இல்லை. வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஜனங்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட வழி அது. அந்தக் கணக்கை யாரும் இன்னும் முடிக்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். கிந்தா ஆறு இறங்கி வரும் மலைகளில் தெமியார், செமாய் மக்கள், ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடந்துகொண்டிருக்கிறார்கள். நடந்தவனுக்கே நிலம் என்றால் நம் தோட்டப் பாதைகளுக்கு அடியில் வேறொருவரின் பாதை இருக்கிறது. லாக்கின் வாதத்தையே வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் இவர்களைப் போன்ற பூர்வகுடிகளுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்: இவர்கள் வேலி போட்டு விவசாயம் செய்யவில்லை, அதனால் நிலம் இவர்களுடையது இல்லை என்று. 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ஓராங் அஸ்லி மக்களின் பாரம்பரிய நில உரிமையை ஏற்றது. அதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். கூடவே, 'அப்போ நாங்க?' என்று உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது. அந்தக் குரலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இதற்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த இங்கிலாந்துச் சட்டத்திலேயே இருந்தது. 20 வருடம் நடந்தவருக்கு அது நிலத்தைக் கொடுப்பதில்லை, வழியை மட்டும்தான் கொடுக்கிறது. நிலம் ஒருவருக்குச் சொந்தமானால் மற்றவருக்கு இல்லை. வழி அப்படியில்லை. தெமியார் கிழவர் நடந்த பாதையில் என் பாட்டியும் நடக்கலாம், பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பையன் சைக்கிளில் போகலாம். யாருக்கும் எதுவும் குறையாது. 'இது என்னுடையது' என்பதும் 'என்னை அடைக்காதே' என்பதும் வேறு வேறு கோரிக்கைகள். இரண்டாவது சின்னது. அதையாவது யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

நடந்துவிட்டு வந்து பாட்டியிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே பழைய பாதைகள் துண்டு துண்டாக மிச்சமிருப்பதையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நடக்க வழி கேக்குறே, சரி. இருக்க வீடு யாரு குடுத்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஜனங்கள் இழந்தது பாதையை மட்டும் இல்லை. சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் இதைப் புரிந்துகொண்டிருந்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்கு வாங்கச் சொன்னார். உழைத்தோம், நடந்தோம் என்பதை இந்த நாட்டில் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பத்திரம்தான் பேசும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பாட்டிக்கும் தெரியும். எனக்குத்தான் இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

வழி கேட்பது வீட்டுக்கு ஈடாகாது. ஆனால் வீடு கிடைக்காதவருக்கு வழியும் வேண்டாம் என்றாகிவிடாது. லயம் போன பிறகும் திருவிழாவுக்கு ஜனங்கள் அந்தக் கோயிலைத் தேடித்தான் வருகிறார்கள். வரும்போது நடுவில் ஒரு கேட் நிற்கக் கூடாது.

இப்போதெல்லாம் சர்வே வரைபடத்தில் புள்ளிக்கோடு தென்பட்டால் நான் அந்த லேயரை அணைப்பதில்லை. கூட்டத்தில் "இது என்ன கோடு?" என்று கேட்பார்கள். "ஆளுங்க நடக்குற பாதை" என்பேன். போன மாதம் ஒரு வரைபடத்தில் அதற்காக இரண்டு மீட்டர் அகலம் விட்டுப் பார்த்தேன். மேலே போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.